நுவரெலியா நிலையத்தில் இறங்கியவர்கள்

இந்தக் கரையோரப் பாடசாலைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, ஒப்பிட்டுப் பேசும் பாடம் எப்படியும் வந்து சேரும். இதை விட அது பெரிது, எல்லாவற்றிலும் இதுதான் மிகப் பெரிது என்று சொல்லப் பழக்குகிற பாடம். இரண்டு பயணங்களை ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கரும்பலகையில் ஒரு மாதிரிக் கட்டுரையை எழுதிப் போட்டு, பாடமாக்கிக்கொண்டு வரச் சொல்வீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் செய்தேன், வெட்கத்தை விட்டுச் சொன்னால் ஓய்வு பெற்ற பிறகும் செய்தேன்.

என் மாதிரிக் கட்டுரை நுவரெலியாப் பயணம். சென்ற விடுமுறையில் நானும் என் குடும்பமும் நுவரெலியாவுக்கு ரயிலில் போனோம். பஸ் பயணத்தை விட ரயில் பயணம் அழகானது. கொழும்பை விட நுவரெலியா குளிரானது. மாலை ஐந்து மணிக்கு நுவரெலியா ரயில் நிலையத்தில் இறங்கினோம். என் வாழ்க்கையிலேயே மிக அழகான பயணம் அதுதான். இவ்வளவுதான் கட்டுரை. ஒப்பிடுகிற சொற்கள் எல்லாம் அதற்குள் அளவாக வந்துவிடும், பரீட்சைப் புள்ளியும் வந்துவிடும். கற்பிட்டியில் வலை இழுக்கிற வீட்டுப் பிள்ளையும் குறிஞ்சிப்பிட்டியில் மிளகாய்த் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே ரயிலில் ஏறி, ஒரே நிலையத்தில் இறங்கி, பரீட்சையில் சித்தியடைந்து போனார்கள்.

அந்தக் கட்டுரை என்னுடையதும் இல்லை. நான் பிள்ளையாக இருந்தபோது எனக்கு ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல நாங்கள் எழுதியது. அவர் கண்ணை மூடியபோது அந்த மலைகளை நினைத்துப் பார்க்கிறார் என்றுதான் நான் நம்பினேன். நல்ல மனிதர். ஒரு பிள்ளையையும் கைநீட்டி அடித்ததில்லை. அவர் தந்ததைச் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் பின்னேரங்களில் பேச்சு ஆங்கிலம் படிப்பித்தேன். டொல்பின் பார்க்கவும் பட்டம் போலப் பறக்கும் பாய்ச்சீலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஓடவும் வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்த காலம். வந்தவர்கள் எல்லோரும் இருபது வயது தாண்டியவர்கள். கத்தோலிக்கர், முஸ்லிம்கள், ஒருவர் இருவர் வன்னியிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களில் யசிந்தா என்றொருத்தி. புருஷன் கடலுக்குப் போகிறவன். ஷெரின் என்று ஆறு வயது மகள். மகளையும் கூட்டிக்கொண்டு வந்து பின் வாங்கில் இருத்திவிட்டு, தான் முன் வாங்கில் இருந்து படிப்பாள்.

ஒரு நாள் வகுப்பு முடிந்தும் அவள் போகவில்லை. கதிரைகளை அடுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"டீச்சர், பாஸ்போட்ட ஏஜென்சிக்காரன்ட குடுத்திட்டன். மெடிக்கலும் எடுத்தாச்சு. குவைத்துக்கு."

"எப்ப போற?"

"அடுத்த மாசம் எண்டு சொல்றாங்க." பின் வாங்கில் உறங்கிப் போயிருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கட அம்மா குவைத்துக்குப் போகேக்க எனக்கு ஆறு வயசு டீச்சர். இவளுக்கும் இப்ப ஆறு."

மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு வெகு நேரம் இருந்தேன். எனக்கு மனம் சரியாக இல்லை.

அடுத்த கிழமையே வாய்ப்பு ஒன்று வந்தது. எங்கள் கரையில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு இரண்டு பேர் வேண்டும், ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் நல்லது, ஆங்கிலத்தில் கதைக்கத் தெரிய வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் சொல்லியனுப்பியிருந்தார்கள். எடுபட்டால் யசிந்தா குவைத்துக்குப் போகத் தேவையில்லை. எடுபடாவிட்டால் அடுத்த மாதம் விமானம். வகுப்பில் ஏழு பேர் போகத் தயாரானார்கள். நேர்முகத்தில் உங்கள் பயணங்களைப் பற்றிக் கேட்பார்கள், உல்லாசப் பயணிகள் வரும் இடம் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு என்ன செய்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். ஏழு பேருக்கும் நுவரெலியா ரயிலைப் பாடமாக்கிக் கொடுத்தேன்.

நேர்முகத்தன்று நானும் அவர்களோடு போனேன். ஓலைக் கூரை போட்ட சாப்பாட்டு மண்டபம். ஒரு பக்கத்தில் ஓலைத் தட்டி மறைப்பு. அதற்கு வெளியே வாங்கில் நாங்கள் எட்டுப் பேரும் வரிசையாக இருந்தோம். உள்ளே கதைப்பது ஒரு சொல் விடாமல் வெளியே கேட்டது. முகாமையாளர் ஒரு சிங்களப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், ஆங்கிலம் நிதானமாகவும் தெளிவாகவும் பேசினார். நான் நினைத்தது சரியாக வந்தது. முதற் கேள்வியே, நீங்கள் போன இரண்டு பயணங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதுதான். எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

முதலில் போனவன் ரிஸ்வான். கற்பிட்டிப் பையன், வாயாடி. ஒரே மூச்சில் ரயிலேறி நுவரெலியாவில் இறங்கினான். முகாமையாளர் நன்றாக இருக்கிறது என்றார். ரயிலில் என்ன வாங்கிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ரிஸ்வான் சற்றே யோசித்து, புரியாணி என்றான். எங்கள் உம்மாவின் புரியாணியை விட ருசியானது என்றும் சேர்த்துக்கொண்டான். ஒப்பிடுகிற சொல்லை விடாமல் பிடித்துவிட்டானே என்று நான் சந்தோஷப்பட்டதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் நேர்மை இல்லை.

இரண்டாவது ஆளும் நுவரெலியாவுக்குத்தான் போனாள். அவள் ரயிலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். மூன்றாவது ஆள் பொரித்த மீன் சாப்பிட்டான், எங்கள் ஊர் மீனை விடப் புதியது என்றான். மூன்றாவது ஆள் முடிக்கும்போது உள்ளே முகாமையாளரின் குரல் மாறிவிட்டது. நான்காவதாகப் போன பெண்ணிடம் அவர் சாப்பாட்டைக் கேட்கவில்லை. எந்த நிலையத்தில் இறங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார். நுவரெலியா நிலையம் என்றாள் அவள். உறுதியாக இறங்கினீர்களா என்று கேட்டார். ஓம், மாலை ஐந்து மணிக்கு என்றாள் பாவம்.

அடுத்தது யசிந்தா.

என்ன பிழை என்று தெரியவில்லை, ஆனால் பிழை என்று தெரிந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் நான் செய்ததை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். யசிந்தாவின் காதருகே குனிந்து, பிழைக்கு மேல் இன்னொரு பிழையைச் சொல்லிக் கொடுத்தேன்.

"சாப்பாட்டக் கேட்டா வடை எண்டு சொல்லு. ரயில் கோச்சியில வடைதான் விப்பாங்க. சிலாபத்துக்குப் போகேக்க நான் கண்டிருக்கன்."

யசிந்தா என்னைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் பயம் இல்லை, ஒரு களைப்புத்தான் இருந்தது.

"டீச்சர், நான் கோச்சியில ஏறினதே இல்ல. நீங்க நுவரெலியாக் கோச்சியில போயிருக்கீங்களா?"

இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நான் போனதில்லை. எனக்குச் சொல்லித் தந்தவர் போனாரோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியாது. இந்தப் பெண் மகளை விட்டு நாடு கடந்து போவதா இல்லையா என்பது உள்ளே முடிவாகப் போகிறது. நான் அவளுக்கு ஒரு வடையைக் கொடுத்து அனுப்புகிறேன். அந்த நேரம் என் மேலேயே எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்கவில்லை.

அவளை இருக்கச் சொல்லிவிட்டு நானே உள்ளே போனேன்.

முகாமையாளர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவர்களுடைய ஆசிரியை என்றேன். அவர்கள் சொன்னது என் கட்டுரை, அவர்களுடைய பயணம் இல்லை, அவர்கள் பொய் சொல்லவில்லை, நான் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தார்கள் என்றேன். நானும் அந்த ரயிலில் போனதில்லை என்பதையும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். அவ்வளவு எளிமையான ஆங்கிலத்தை என் வாழ்நாளில் நான் பேசியதில்லை.

அவர் பேனாவை மேசையில் வைத்தார். "என்னுடைய தகப்பனார் மலைநாட்டு ரயில் பாதையில் வேலை செய்தவர். அங்கேதான் நான் வளர்ந்தேன். நுவரெலியாவில் ரயில் நிலையமே இல்லை, டீச்சர். நானுஓயாவில் இறங்கி பஸ்ஸில் போக வேண்டும்."

எத்தனை பிள்ளைகளை இல்லாத நிலையத்தில் இறக்கிவிட்டிருப்பேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கம் வந்தது. சிரிப்பும் வந்தது. அவருக்கும் வந்தது போலிருக்கிறது, ஆனால் அடக்கிக்கொண்டார்.

"மற்றவர்களிடம் நான் என்ன கேட்கட்டும்?" என்றார்.

"பயணத்தைத்தான் கேளுங்கள் மேடம். ஆனால் அவர்களுக்குத் தெரிந்த பாதையைக் கேளுங்கள். ஏற்கெனவே வந்த நாலு பேரையும் இன்னொருமுறை கூப்பிடுங்கள்."

அவர் சரி என்றார். ஒரு நிபந்தனையும் போட்டார். நான் மூலையில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது.

யசிந்தா வந்து கதிரையின் நுனியில் இருந்தாள். உனக்குத் தெரிந்த பாதை ஒன்றைச் சொல்லு என்றார் முகாமையாளர். அவள் என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவளாகவே தொடங்கினாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை உங்களுக்கு நான் தமிழில் தருகிறேன். சின்னச் சின்ன வசனம்தான், அப்படியே தருகிறேன்.

"எங்கள் வீட்டிலிருந்து எயார்போட். வேனில். அம்மா வெளிநாடு போகிறார். எனக்கு ஆறு வயது. பாலாவியில் வேனை நிறுத்தச் சொன்னேன். மூத்திரம் என்று சொன்னேன். மதுரங்குளியில் நிறுத்தச் சொன்னேன். சிலாபத்தில் நிறுத்தச் சொன்னேன். எனக்கு மூத்திரம் இல்லை. அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தினார். அப்படியும் எயார்போட் கெதியாக வந்துவிட்டது. அந்தப் பயணம் கட்டை."

முகாமையாளர் எழுதுவதை விட்டுவிட்டார்.

"ஐந்து வருடம். அம்மா திரும்பி வருகிறார். அதே பாதை, அதே வேன். இந்த முறை நான் ஒருவரையும் நிறுத்த விடவில்லை. தம்பி அழுதான், அப்போதும் விடவில்லை. ஆனால் எயார்போட் வரவே இல்லை. அந்தப் பயணம் மோர் லோங்கர்."

லோங்கர் என்றாலே போதும், மோர் வேண்டாம் என்று நான் ஆயிரம் முறை சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். பழக்க தோஷம், வாய் திறக்கப் பார்த்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மிக நீளமான பயணம் எது?" என்று கேட்டார் முகாமையாளர்.

"திரும்பி வீட்டுக்கு வந்தது. அம்மா எனக்குப் பக்கத்தில். ஒருவரும் கதைக்கவில்லை. எனக்கு அம்மாவைத் தெரியாது. அம்மாவுக்கும் என்னைத் தெரியாது. நீர்கொழும்பு தாண்டி அம்மா தண்ணி கேட்டார். நாங்கள் மாலை கொண்டுபோயிருந்தோம். பலூன் கொண்டுபோயிருந்தோம். தண்ணி கொண்டுபோகவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் நீளம்."

நான் அழுதேன், மறைக்கவில்லை. முகாமையாளர் சன்னல் பக்கம் திரும்பி உப்புக் காற்றில் ஆடிய திரைச்சீலையைச் சரிசெய்தார். திரும்பி வந்து கடைசியாக ஒன்று கேட்டார்.

"நீண்ட தூரம் வந்த ஒருவர் இந்த மேசைக்கு வருகிறார். முதலில் அவரிடம் என்ன சொல்வாய்?"

இதற்கு நாங்கள் வகுப்பில் ஒரு பதில் பழகியிருந்தோம். எங்கள் ஹோட்டலுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம் என்று தொடங்கி ஐந்து வரி. யசிந்தா அதைச் சொல்லவில்லை.

"ஒன்றும் சொல்ல மாட்டேன் மேடம். முதலில் தண்ணி கொடுப்பேன். பிறகு கதைப்பேன்."

பிறகு மற்றவர்களையும் கூப்பிட்டார். ரிஸ்வான் இரண்டாம் முறை வந்தபோது, வாப்பாவோடு கடலுக்குப் போவதையும் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு போவதையும் ஒப்பிட்டான். வெள்ளைக்காரரோடு போனால் கெதியாகப் போவோம், வாப்பாவோடு போனால் பிந்தி வருவோம், ஏனென்றால் வாப்பா மீனைத் தேடுவார், வெள்ளைக்காரர் தங்களுடைய தொலைபேசியைத் தேடுவார்கள் என்றான். முகாமையாளர் வாய்விட்டுச் சிரித்தார். வேலை அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அன்று முதல் அந்த ஹோட்டல் விருந்தினரை டொல்பின் பார்க்கக் கொண்டுபோகும் படகு அவனுடையதாகிவிட்டது. இப்போதும் என்னை வழியில் கண்டால், "டீச்சர், புரியாணிக் கோச்சி எத்தின மணிக்கு?" என்றுதான் கேட்பான்.

மேசைக்கு எடுபட்ட இருவரில் ஒருத்தி யசிந்தா. கடிதம் வந்த அன்று அவள் முதலில் போனது என் வீட்டுக்கு இல்லை, பாஸ்போட்டைத் திரும்ப வாங்க ஏஜென்சிக்கு. அதுதான் சரி. அடுத்த நாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு நன்றி சொல்லாதே, நீ கேட்ட கேள்விக்குத்தான் சொல்ல வேண்டும் என்றேன். உண்மையிலேயே அப்படித்தான். நான் ஒரு வடையோடு அவளை உள்ளே அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

பரீட்சை இருக்கிறதே, புள்ளி வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டும்தான். நான் பரீட்சைக்கு எதிராள் இல்லை. மோர் லோங்கர் பிழைதான், திருத்தத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை சொல்லி முடிக்கட்டும், அதற்குப் பிறகு திருத்துங்கள். நீங்கள் போகாத பயணத்தைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்த ஒரு பாதை இருக்கும். கிணற்றடிக்குப் போகிற பாதையானாலும் போகும்போது ஒரு நீளம், குடத்தோடு வரும்போது இன்னொரு நீளம். அதைக் கேளுங்கள். கேட்ட பிறகு பொறுமையாக இருங்கள். எனக்கு வராத பொறுமை அது, அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு முறை ஹோட்டல் ஆட்களின் சுற்றுலாவுக்கு யசிந்தா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் நானும் அந்த ரயிலில் ஏறினேன். ஒரே பனிப்புகார், மலையும் தெரியவில்லை, அருவியும் தெரியவில்லை. பாதித் தூரம் உறங்கிவிட்டேன். வடை மட்டும் உண்மை. நானுஓயா என்று எழுதிய பலகையின் கீழே நின்று யசிந்தா என்னைப் படம் எடுத்தாள். நல்லாச் சிரிங்க டீச்சர் என்று சொல்லிச் சொல்லி எடுத்தாள்.

இனிக் கடைசியாக ஒன்று. போன மாதம்தான் நடந்தது. கோயில் மண்டபத்தில் இப்போது நான் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஷெரினுக்குப் பன்னிரண்டு வயது, முன் வாங்கில் இருக்கிறாள். ஒப்பிட்டுப் பேசும் பாடம் வந்தது. கரும்பலகையை வெறுமையாக விட்டுவிட்டு, அம்மாவோடோ அப்பாவோடோ போன பயணத்தையும் அவர்கள் இல்லாமல் போன பயணத்தையும் ஒப்பிட்டு எழுதுங்கள் என்றேன். பலருடைய தாய்மார் வெளிநாட்டில். தலையைக் குனிந்துகொண்டு கடகடவென்று எழுதினார்கள். ஷெரின் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மகள், எழுதல்லையா?"

"என்னட்ட அம்மாவோட போனது ஒண்டுதானே டீச்சர் இருக்கு. ஒப்பிட ரெண்டு வேணுமே."

"எல்லாரும் எயார்போட்டுக்குப் போனத எழுதுறாங்க பாரு."

"நான் எயார்போட்டுக்குப் போனதே இல்ல டீச்சர்."

அதையே எழுதச் சொன்னேன். ஒரே ஒரு வசனம், ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதினாள். ஒப்பிடுகிற சொல் அதில் ஒன்றுகூட இல்லை. நான் அவளுக்கு முழுப் புள்ளி போட்டேன்.